காப்பரை இப்போதே வாங்கிப் போடலாமா, தேவைக்கு வாங்கலாமா? சின்னப் பட்டறைக்கு ஒரு ஒப்பீடு

"ஏனுங்ணா, கம்பி இப்பவே வாங்கிப் போட்டுடலாமுங்களா, இல்ல இன்னும் இறங்குமுங்களா?"

கோவை கணபதி பக்கம் சொந்தமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போனில் கேட்டது இது. அவரிடம் மாதம் 400 கிலோ வைண்டிங் வயர், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் காப்பர் கம்பி, ஓடும். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர்கள், பேனல் போர்டு செய்கிறவர்கள், வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் என்று பலரும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்கும் கீழே கிடந்த லண்டன் விலை 2025 கடைசியில் 12,000 டாலரைத் தாண்டியது, கேட்காமல் என்ன செய்வார்கள்.

பம்ப்செட் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் பதினைந்து வருடமாகக் கொள்முதல் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். ஏறுமா இறங்குமா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "நான் ரேட் சொன்ன நாளுக்கும் கம்பி வாங்குகிற நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த வழியில் வாங்குவது என்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கையிலேயே முடிவாகிவிடும்.

கடை ரேட் எங்கிருந்து வருகிறது

இது தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது, அதனால் கொஞ்சம் கணக்கு.

லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச், அதாவது எல்எம்இ, டன்னுக்கு டாலரில் விலை சொல்கிறது. ஒரு பேச்சுக்கு 10,000 டாலர் என்று வைப்போம். கேத்தோடு (சுத்திகரித்த காப்பர் தகடு) இங்கே வந்து சேர அதற்கு மேல் தரும் ப்ரீமியம் 100 டாலர், டாலர் மதிப்பு 88 ரூபாய். பெருக்கினால் டன் 8,88,800 ரூபாய், கிலோவுக்கு 888 ரூபாய் 80 காசு. சுத்திகரித்த காப்பருக்கு இறக்குமதித் தீர்வை 5 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ், ஆக மொத்தம் 5.5 சதவீதம். அது 48 ரூபாய் 90 காசு. கூட்டினால் கிலோ கிட்டத்தட்ட 938 ரூபாய். இது வெறும் உலோகம்தான். இதை 8 எம்எம் ராடாக்கி, கம்பியாக இழுத்து, எனாமல் பூசி, ஸ்பூலில் சுற்றித் தருகிற கூலி தனி. எல்லாம் சேர்ந்தபின் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

உள்நாட்டில் உருக்கிய காப்பருக்கும் இதே கணக்குதான். குஜராத்தில் தாஹேஜில் ஹிண்டால்கோ உருக்குகிறது, முந்திராவில் அதானியின் 5 லட்சம் டன் ஆலை 2024 மார்ச்சில் முதல் சரக்கை அனுப்பியது. ஆனால் அவர்களும் இறக்குமதி செய்தால் என்ன அடக்கமாகுமோ அதை ஒட்டித்தான் விலை வைக்கிறார்கள். "தூத்துக்குடி ஆலை மூடியதால்தான் ரேட் ஏறிப்போச்சு" என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. ஆண்டுக்கு 4 லட்சம் டன் எடுத்த ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டதும், அதுவரை சுத்திகரித்த காப்பரை ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும் நாடாக மாறியது உண்மை. பக்கத்தில் கிடைத்த சரக்கு போனதால் வண்டி வாடகையும் காத்திருப்பும் கூடின. அடிப்படை விலை மட்டும் அப்போதும் லண்டனைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டது. 13 உயிர் போன ஒரு விஷயத்தை நம் கம்பி ரேட்டுக்குக் காரணமாகச் சொல்வதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம், கணக்கும் அதற்கு இடம் தரவில்லை.

மேலே போட்ட கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் காப்பர் கிலோவுக்கு 10 ரூபாய் 65 காசு ஏறுகிறது. லண்டனில் 100 டாலர் ஏறினால் இங்கே 9 ரூபாய் 30 காசு. அதாவது லண்டன் அசையாமல் நின்றாலும், ரூபாய் ஒரு ரூபாய் சரிந்த அன்றைக்கு நமக்கு லண்டனில் 115 டாலர் ஏறின மாதிரி. காப்பர் விலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் டாலரைப் பார்ப்பதில்லை. "லண்டன் இறங்கிடுச்சே, நீங்க ஏன் இறக்கலை?" என்று சப்ளையரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். (ஏறும்போது அன்றைக்கே ஏற்றிவிட்டு, இறங்கும்போது பழைய ஸ்டாக் இருக்கிறது என்று நாலு நாள் இழுக்கிற சப்ளையர்களும் இருக்கிறார்கள். அங்கே சண்டை போடலாம்.)

அமெரிக்க உலோகச் சந்தையான காமெக்ஸின் விலையைப் பார்த்து முடிவெடுக்கவே வேண்டாம். 2025 ஜூலையில் டிரம்ப் காப்பருக்கு 50 சதவீத வரி என்று அறிவித்ததும் காமெக்ஸ் தனியாகப் பறந்தது. மாதக் கடைசியில், வரி கம்பி, ராடு, பைப் மாதிரி செய்பொருட்களுக்குத்தான், கேத்தோடுக்கு இல்லை என்றதும் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மறுநாள் காலை எனக்கு மூன்று போன், "காப்பர் இருபது பர்சென்ட் விழுந்துடுச்சாமே" என்று. லண்டனில் அந்த அளவு அசைவே இல்லை, நம் ஊர் ரேட்டும் சும்மா அப்படியேதான் இருந்தது. காமெக்ஸ் பவுண்டுக்கு டாலரில் பேசும், ஷாங்காய் விலையில் 13 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது எல்எம்இயும் டாலரும். இரண்டையும் தீர்வையையும் சேர்த்து ரூபாயில் பார்க்க வேண்டுமானால் எம்சிஎக்ஸ், அதாவது நம் நாட்டு மல்டி கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச், அவ்வளவுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயம் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவது, ஏற்கெனவே சொன்ன இடைவெளி. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2024 மார்ச் தொடக்கத்தில் 60 நீர்மூழ்கி மோட்டாருக்கு ஒரு கொட்டேஷன் கொடுத்தோம். ஏழரை ஹெச்பி, ஒரு மோட்டாருக்கு ஆறு கிலோ பக்கம் கம்பி, மொத்தம் 360 கிலோ. 30 நாள் செல்லும் என்று எழுதியிருந்தோம். ஆர்டர் 28-ஆம் நாள் வந்தது. டெலிவரியை அவர்கள் தள்ளிக்கொண்டே போனார்கள், கம்பி வாங்கியது மே மாதம் பிற்பாதியில். மே 20 அன்று லண்டன் 11,104 டாலரைத் தொட்டிருந்தது, அதுவரை இல்லாத உச்சம். ரேட் சொன்ன நாளிலிருந்து கிலோவுக்கு 150 ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது. 54,000 ரூபாய் கையை விட்டுப் போனது, அந்த ஆர்டரில் லாபம் என்று நினைத்திருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். 78 நாள் காப்பர் விலையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறோம், சுமக்கிறோம் என்றே தெரியாமல்.

இரண்டாவது மாதத் தேவை எத்தனை கிலோ என்பது. 50 கிலோவுக்கும் 5 டன்னுக்கும் ஒரே வழி பொருந்தாது. மூன்றாவது, வாங்கும் பணம் யாருடையது, என்ன வட்டி. நான்காவது, விலை ஏறினால் அதை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்க முடியுமா. ஐந்தாவது, தினமும் விலை பார்த்து முடிவெடுக்க உங்களுக்கு நேரமும் மனசும் இருக்கிறதா. கடைசியில் சொன்னதைச் சிறுசு என்று நினைக்காதீர்கள். பட்டறையில் வார்னிஷ் போடுவதைப் பார்க்கவேண்டிய முதலாளி போனில் எம்சிஎக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு நஷ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழி 1: தேவைக்குத் தேவை, அன்றன்றைய ரேட்டில்

ஆர்டர் வந்ததும் அன்றைய விலைக்கு வாங்குவது. நிறையப் பேர் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. காயில் கட்டும் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. காலையில் மோட்டார் வருகிறது, சாயங்காலம் ரேட் சொல்கிறோம், மறுநாள் கம்பி வாங்குகிறோம். இடைவெளி ஒரு நாள். அந்த ஒரு நாளில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது?

காயில் கடைக்காரருக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது, அவர்களே அதைக் கவனிப்பதில்லை. எரிந்துபோன பழைய காயில் ஸ்கிராப்பாகக் கையில் இருக்கிறது. அதன் விலையும் புதுக் கம்பியோடு சேர்ந்தே ஏறி இறங்கும். புதுக் கம்பி வாங்குகிற அதே நாளில் பழையதைப் போட்டுவிட்டால், உங்களுக்குச் செலவு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான், காப்பர் 700-இல் இருந்தாலும் 1,100-இல் இருந்தாலும் அந்த வித்தியாசம் அவ்வளவாக மாறாது. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்கிராப்பை மூட்டை கட்டி மூலையில் போட்டு "ரேட் ஏறட்டும்" என்று ஆறு மாதம் வைக்கிறார்கள், புதுக் கம்பியை மட்டும் தினசரி விலைக்கு வாங்குகிறார்கள். ஸ்கிராப் விற்பனையில் ஒன்று கவனிக்க வேண்டும்: 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாதவரிடம் பதிவு செய்தவர் உலோக ஸ்கிராப் வாங்கினால் ஜிஎஸ்டியை வாங்குகிறவரே கட்ட வேண்டும். அதைக் காரணம் சொல்லி ரேட்டை இறக்கிக் கேட்பார்கள், விசாரித்துப் பேசுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: சில்லறையாக வாங்குவதால் மொத்த ரேட் கிடைக்காது, பார்சல் செலவு ஏறும், வேண்டிய கேஜ் (கம்பிப் பருமன்) கடையில் இல்லாத நாளில் வேலை நிற்கும். கோடையில் போர்வெல் மோட்டார் சீசனில் இது அடிக்கடி நடக்கும், அதனால் அதிகம் ஓடும் இரண்டு மூன்று கேஜில் பத்து நாளுக்கான கம்பி எப்போதும் இருக்கட்டும்.

இது யாருக்கு ஆகாது? இடைவெளி 15 நாளுக்கு மேல் உள்ளவர்களுக்கு, விலையை முன்கூட்டியே உறுதி சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு.

வழி 2: மொத்தமாக வாங்கி இருப்பு வைப்பது

மனசுக்குப் பிடித்த வழி இது. ஏறுகிற வருடத்தில் இருப்பு வைத்தவர் கெட்டிக்காரராகத் தெரிவார். 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு புகுந்து ஆட்கள் இறந்து உற்பத்தி நின்றதும் லண்டன் மளமளவென்று ஏறியது. அதற்கு முன்னால் மே மாதம் காங்கோவின் கமோவா-ககுலாவில் நிலநடுக்கப் பிரச்சினை, ஜூலை கடைசியில் சிலியின் எல் டெனியன்டேயில் விபத்து. வருடக் கடைசியில், போன வருடமே வாங்கிப் போட்டிருந்தேன் என்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காத வருடங்களும் உண்டு. 2008 ஜூலையில் லண்டன் 8,900 டாலர் பக்கம் இருந்தது, டிசம்பரில் 3,000 டாலருக்குக் கீழே. தீர்வைக்கு முந்தைய கணக்கில் கிலோ 380 ரூபாய் பக்கம் இருந்த உலோகம் ஐந்தே மாதத்தில் 150 ரூபாய்க்குக் கீழே வந்தது, அதுவும் அந்த நேரத்தில் ரூபாய் சரிந்து கொஞ்சம் தாங்கியும். எங்கள் பழைய முதலாளி ஒருவர் அப்போது இரண்டு டன் வாங்கி வைத்திருந்தார். அந்த ஸ்பூல்களைத் தீர்க்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பக்கத்துப் பட்டறைக்காரர் புதிதாக வாங்கிய கம்பியில் மோட்டார் செய்து பாதி விலை அடக்கத்தில் விற்கும்போது, இவர் பழைய விலைக் கம்பியை என்ன செய்ய முடியும்? இருப்பு வைப்பதில் உள்ள ஆபத்தே இதுதான். விலை இறங்கினால் போட்டியாளருக்கு மலிவு, உங்களுக்கு மட்டும் கிடையாது.

இருப்பின் வாடகையையும் கணக்குப் போடுவோம். கம்பி கிலோ 1,000 ரூபாய், வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி 11 சதவீதம் என்றால் மாதம் கிலோவுக்கு 9 ரூபாய் 17 காசு. கட்டிய 180 ரூபாய் ஜிஎஸ்டியை அந்த மாதமே கழித்துக்கொள்ள வழியில்லை என்றால் அதற்கும் வட்டி, 1 ரூபாய் 65 காசு. கிட்டத்தட்ட மாதத்துக்கு 11 ரூபாய். மூன்று மாதச் சரக்கு எடுத்தால் சராசரியாக ஒன்றரை மாதம் இருக்கும், கிலோவுக்கு 16 ரூபாய். விலை அந்த அளவாவது ஏறினால்தான் வாங்கி வைத்ததில் தலைக்கு மேல் தண்ணீர் போகாமல் இருக்கும். சொந்தப் பணம்தானே என்று சிலர் வட்டியை விட்டுவிடுவார்கள், அது தவறு. அதே பணத்தை சப்ளையருக்கு ரொக்கமாகக் கொடுத்துத் தள்ளுபடி கேட்டிருக்கலாம்.

இன்னும் இரண்டு. கம்பி உலோகமாக மட்டும் கிடப்பதில்லை, கேஜாகக் கிடக்கிறது. 22 கேஜ் 300 கிலோ வைத்திருக்கிறீர்கள், ஆர்டர் 19 கேஜுக்கு வருகிறது. லண்டனில் என்ன ஏறியிருந்தால் என்ன, அந்த 300 கிலோ அங்கேயே இருக்கும். தண்ணீர் நிரப்பும் நீர்மூழ்கி மோட்டாருக்கு பிளாஸ்டிக் உறை போட்ட பாலி வயர், சாதா மோட்டாருக்கு எனாமல், ஒன்று இன்னொன்றுக்கு ஆகாது. அப்புறம் திருட்டு. தோட்டத்து போரில் கேபிளை அறுத்துக்கொண்டு போகிற ஊரில், பட்டறையில் ஒரு டன் காப்பர் இருக்கிறது என்ற செய்தி பரவுவது நல்லதில்லை. இன்ஷூரன்ஸ் எடுத்தால் அதுவும் ஒரு செலவு.

சரி, இது யாருக்கு நல்லது? ஆர்டர் கையில் இருக்கிறது, ரேட் உறுதியாகிவிட்டது, முன்பணம் வந்துவிட்டது என்றால், அந்த ஆர்டருக்கு வேண்டிய கம்பியை அன்றைக்கே வாங்கிப் போடுங்கள். விலை இறங்கும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 60 மோட்டார் கதையில் ஆர்டர் வந்த அன்றே 360 கிலோ எடுத்திருந்தால் நஷ்டத்தில் பெரும்பகுதி இருந்திருக்காது. அதை நான் இருப்பு என்று சொல்லமாட்டேன், விற்றுவிட்ட பொருளுக்கு வாங்குகிறோம். ஆர்டர் இல்லாமல் வாங்குவதுதான் சூதாட்டம்.

வழி 3: மாத சராசரி விலையில் ஒப்பந்தம்

வயர் கம்பெனியோடு மாதம் இத்தனை டன் என்று பேசிக்கொண்டு, அந்த மாதத்து எல்எம்இ சராசரி, வங்கி டாலர் ரேட், ப்ரீமியம், தீர்வை, கூலி என்று ஒரு சூத்திரம் போட்டு வாங்குவது. மாதம் நடக்கும்போது தற்காலிக விலையில் பில் வரும், மாதம் முடிந்ததும் வித்தியாசத்துக்கு டெபிட் நோட்டோ (நாம் கட்ட வேண்டியது) கிரெடிட் நோட்டோ (நமக்குத் திரும்புவது) வரும்.

நல்லது என்ன என்றால், தப்பான நாளில் வாங்கி மாட்டிக்கொள்ளும் பயம் போய்விடும். 2024 மே மாத சராசரி 10,000 டாலருக்குச் சற்று மேலே. 20-ஆம் தேதி உச்ச விலையில் வாங்கியவரைவிட சராசரிக்காரருக்குக் கிலோவுக்கு எண்பது ரூபாய் பக்கம் குறைவு. அதே மாதம் முதல் தேதி வாங்கியவருக்குச் சராசரியைவிட மலிவாகக் கிடைத்திருக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். சராசரி என்பது சிறந்த விலை அல்ல, மோசமாகாத விலை.

உங்கள் வாடிக்கையாளரும் இதே மாதிரி சூத்திரத்தில் பணம் தருகிறவராக இருந்தால் இந்த வழி அருமை. மின்வாரிய டெண்டர்களில் விலை மாறுபாட்டு விதி இருக்கும். இந்திய மின், மின்னணு உற்பத்தியாளர் சங்கம் (தொழிலில் ஈமா என்பார்கள்) மாதாமாதம் வெளியிடும் மூலப்பொருள் விலையை வைத்து டிரான்ஸ்பார்மர், கேபிள், மோட்டாருக்குப் பணம் கூட்டியோ குறைத்தோ தருவார்கள். ஆனால் அவர்கள் எந்த மாத விலையை எடுக்கிறார்கள், நீங்கள் எந்த மாத சராசரியில் வாங்குகிறீர்கள் என்று பொருத்திப் பாருங்கள். ஒரு மாதம் முன்பின் இருந்தால், பாதுகாப்பு என்று நினைத்தது ஓட்டைச் சட்டியாகிவிடும்.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். குறைந்தபட்சம் எடுத்தே ஆக வேண்டிய அளவு இருக்கும், ஆர்டர் குறைந்த மாதத்திலும் சரக்கு வந்து இறங்கும். டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள், அதற்குக் கமிஷன். பொருளை விற்று முடித்து, பணமும் வாங்கியபிறகு டெபிட் நோட் வரலாம்; அடக்க விலையே மாதம் முடிந்துதான் தெரியும். டாலருக்கு எந்த நாள் ரேட், ப்ரீமியம் எத்தனை மாதத்துக்கு உறுதி என்று எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், சண்டை வருகிற இடம் அதுதான். மாதம் 400 கிலோ எடுக்கிறவருக்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடு கிடைக்காது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே சப்ளையரிடம் பேசினால் கிடைக்கலாம், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வழி 4: எம்சிஎக்ஸில் ஹெட்ஜ்

இரண்டு மாதம் கழித்து வாங்க வேண்டிய காப்பருக்கு இன்றே ஃப்யூச்சர்ஸ், அதாவது பின்னாளில் எடுக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம், வாங்கி வைப்பது. விலை ஏறினால் கம்பியில் போகும் நஷ்டம் எம்சிஎக்ஸ் லாபத்தில் ஈடாகும். இறங்கினால் எம்சிஎக்ஸில் நஷ்டம், கம்பி மலிவு. கொள்கையில் இதுதான் சரியான மருந்து.

மருந்தின் அளவுதான் பிரச்சினை. அங்கே வாங்கக்கூடிய குறைந்த அளவான ஒரு லாட் 2,500 கிலோ. கிலோ 940 ரூபாய் என்றால் 23 லட்சத்து 50 ஆயிரம். மாதம் 400 கிலோ எடுக்கிற தம்பிக்கு அது ஆறு மாதத் தேவைக்கு மேல். 360 கிலோ ஆர்டருக்கு ஒரு லாட் வாங்கினால் மீதி 2,140 கிலோ வெறும் பந்தயம்.

அடுத்தது ரொக்கம். விலை ஒரு ரூபாய் இறங்கினால் லாட்டுக்கு 2,500 ரூபாய் அன்றைக்கே கணக்கிலிருந்து போகும். 2024 மே உச்சத்திலிருந்து ஆகஸ்ட்டுக்குள் லண்டன் 9,000 டாலருக்குக் கீழே வந்தது, இங்கே கிலோவுக்கு 150 ரூபாய்க்கு மேல் இறக்கம். உச்சத்தில் ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவர் மூன்று மாதத்துக்குள் 3,75,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். கம்பி மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அந்த லாபம் மோட்டார் விற்று, பணம் வசூலாகி வரும்போதுதான் கைக்கு வரும்; மார்ஜின் பணம், அதாவது எக்ஸ்சேஞ்சில் கட்டி வைக்க வேண்டிய ஈட்டுத்தொகை, நாளைக் காலையே வேண்டும். ஹெட்ஜ் சரியாகத்தான் வேலை செய்யும், சம்பளம் போட மட்டும் காசு இருக்காது.

ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை வைத்திருந்தால் டெலிவரி கட்டாயம், அதுவும் கேத்தோடாக, மகாராஷ்டிரா தாணே கிடங்கில். கோயமுத்தூரில் கேத்தோடை வைத்துக்கொண்டு காயிலா கட்ட முடியும்? அதனால் முன்பே விற்று அடுத்த மாதத்துக்கு மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் சில ரூபாய் போகும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது பழக்கத்துக்கு. ஹெட்ஜுக்காகக் கணக்கு திறந்து, மூன்றாம் மாதம் ராத்திரி பதினொரு மணிவரை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

மாதம் இரண்டரை டன்னுக்கு மேல், உறுதி விலை ஆர்டர், தனியாக ஒதுக்கிய மார்ஜின் பணம், கணக்குப் பார்க்கத் தனி ஆள், இந்த நான்கும் இருந்தால் இது நல்ல வழி. மூன்றுதான் இருக்கிறது என்றாலும் விட்டுவிடலாம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எதைப் பார்ப்பது | அன்றைய ரேட் | இருப்பு | மாத சராசரி | எம்சிஎக்ஸ் |
|---|---|---|---|---|
| பொருந்தும் இடைவெளி | ஒரு வாரம்வரை | உறுதியான ஆர்டர் அளவுக்கு மட்டும் | ஒன்று, இரண்டு மாதம் | இரண்டு மாதத்துக்கு மேலும் |
| மாத அளவு | எவ்வளவானாலும் | இடமும் பணமும் உள்ளவரை | பெரும்பாலும் டன் கணக்கில் | இரண்டரை டன்னுக்கு மேல் |
| முடங்கும் பணம் | குறைவு | மிக அதிகம் | டெபாசிட், உத்தரவாதம் | மார்ஜின், தினசரி வித்தியாசம் |
| விலை இறங்கினால் | உடனே லாபம் | முழு அடி | பாதி லாபம் | ரொக்கம் போகும், கம்பி மலிவாகும் |
| கவனிக்காவிட்டால் கடிப்பது | கேஜ் கிடைக்காத நாள் | வட்டி, தவறான கேஜ், திருட்டு | டெபிட் நோட், கட்டாய அளவு | டெலிவரி, சூதாட்டப் பழக்கம் |

அலுமினியத்துக்கு மாறிவிட்டால்?

காப்பர் விலை அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் போனபிறகு இதைக் கேட்காதவர் இல்லை. அலுமினியத்தின் மின்கடத்துத் திறன் காப்பரில் 61 சதவீதம்தான், அதனால் கம்பி குறுக்களவு 1.6 மடங்கு வேண்டும். எடையில் பாதிதான் ஆகும், விலையில் பெரிய மிச்சம். டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசரில் இடம் இருப்பதால் ஏற்கெனவே ஓடுகிறது. மோட்டார் ஸ்லாட்டில் அந்த இடம் கிடையாது, அடைத்துக் கட்டினால் சூடாகும், ஜாயின்ட் பிடிக்காது. டிசைனையே மாற்றுகிறவர் செய்யட்டும். காப்பருக்குக் கட்டிய ஸ்டேட்டரில் விலைக்காக அலுமினியம் சுற்றி, வாங்குகிறவரிடம் சொல்லாமல் கொடுப்பதை நான் தொழில் என்று ஏற்கமாட்டேன். கடன் வாங்கி போர் போட்ட விவசாயி நடு ராத்திரியில் மோட்டார் நின்று தவிப்பார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு

நீங்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பைப் பதித்து, பூச்சு முடிந்து, வயர் இழுக்கப் போகும் வாரம் வாங்குங்கள். கொத்தனார் வேலை நடக்கும்போதே வாங்கி வைத்த காயில்கள் காணாமல் போன கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உண்டு. ஒரு வீட்டு வயரில் பத்து சதவீத ஏற்றம் என்பது டைல்ஸ் மாற்றும் முடிவு ஒன்றைவிடச் சின்னத் தொகை. விலை ஏறியதற்காகச் சதுர மில்லிமீட்டரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

தம்பிக்கு என்ன சொன்னேன்

மாதம் 400 கிலோவில் பாதி உள்ளூர் ரிப்பேர் வேலை, மீதி டீலர்களுக்குப் போகும் புது மோட்டார். ரிப்பேர் பாதியை அன்றன்றைய ரேட்டில் வாங்கவும், பழைய காயிலை வாராவாரம் போட்டுவிடவும் சொன்னேன். டீலர் ஆர்டருக்கு 25 சதவீத முன்பணம் வாங்கி, வந்த அன்றே கம்பி எடுக்கச் சொன்னேன். ஓடும் கேஜ் மூன்றில் பத்து நாள் சரக்கு. எம்சிஎக்ஸ் வேண்டாம், விலை பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "முன்பணம் கேட்டா டீலர் வேற இடத்துக்குப் போயிடுவாருங்ணா" என்றார். ரெண்டு பேர் போவார்கள்தான். முன்பணம் தராத டீலருக்காவது கொட்டேஷன் நாட்களை 30-லிருந்து 7-ஆகக் குறைக்கச் சொல்லி, அடியில் போட ஒரு வரியும் எழுதிக் கொடுத்தேன், எங்கள் கொட்டேஷனிலும் இப்போது அதுதான் இருக்கிறது:

"இந்த விலை, இன்றைய தேதியில் கம்பி விலை கிலோ ____ ரூபாய் என்ற அடிப்படையில். ஆர்டர் தேதியில் கம்பி விலை 2 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ, மோட்டாருக்கு 6 கிலோ வீதம் வித்தியாசம் சேர்க்கப்படும் அல்லது கழிக்கப்படும்."